இரண்டு டிகிரி குறைவாக ஒரு கொலை

சிக்னல் பச்சைக்கு மாறியது.

நடுச்சாலையில் நின்ற போக்குவரத்துக் காவலர் மட்டும் நீட்டிய கையை இறக்கவில்லை.

சரிந்தார்... விழுந்தார்... இறந்தார்.

பகல் ஒரு மணி.

ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவள் அவருடைய சின்னக்கா. மாநகராட்சியின் வெப்பமானிகளைக் கம்பம் கம்பமாக ஏறிப் பழுது பார்ப்பவள். வெயில்தான் ஆளைக் கொன்றிருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் சான்றிதழில் அப்படி எழுத மாட்டாராம்.

"ஏன் டாக்டர்?"

"அந்த சிக்னல் மீட்டர் முப்பத்தெட்டு டிகிரிதான் காட்டுது. குடிச்சிருந்தார்னு எழுதச் சொல்றாங்க."

குடியா! இருமல் மருந்தையே முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைக்கிறவன் தம்பி.

சிக்னலுக்குப் போனாள். அவள் பார்க்கும் வட்டாரம் அல்ல அது. கம்பம் இருந்தது. உச்சியில் மீட்டர் இல்லை.

தேடினாள்.

பக்கத்துப் பூங்காவில், மர நிழலில், நீரூற்றுக்கு அருகே ஜில்லென்று உட்கார்ந்திருந்தது!

இன்ஸ்பெக்டரை அழைத்துக்கொண்டு நேராக மாமாவின் அலுவலகத்துக்குப் போனாள். மாமா, பெரியக்காவின் கணவர். அவளை வளர்த்து, வேலையும் வாங்கித் தந்தவர். ஊரையே இரண்டு டிகிரி குளிர வைத்ததற்காக விருது வாங்கிய மாநகராட்சி அதிகாரி. பெரியக்கா அங்கேதான் அழுதுகொண்டிருந்தாள்.

"நாப்பதைத் தாண்டினா பகல் டியூட்டி கேன்சல் சார். அதான் ரூல். மரத்தை வளர்த்துக் கம்பத்துக்கு நிழல் தர பத்து வருஷமாகும். மீட்டரைக் கழட்டி மரத்தடிக்குக் கொண்டு போக அரை மணி நேரம். மாத்தச் சொன்னது யாருன்னு ஃபைலைப் பாருங்க," என்றாள் சின்னக்கா இன்ஸ்பெக்டரிடம்.

மாமா மறுக்கவில்லை. அலமாரியைத் திறந்து ஃபைலைத் தானே எடுத்து நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் படித்தார். நிமிர்ந்தார்.

"மாத்தணும்னு சிபாரிசு பண்ணி, மாத்தினதும் நீங்கதாம்மா. கையெழுத்து உங்களுதா?"

அவளுடையதுதான்.

திங்கட்கிழமைதோறும் கம்பம் ஏறக் கிளம்புமுன், அந்த வாரத்துக்கான வேலைத்தாள்களில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது அங்கே வழக்கம். வெற்றுத்தாள்கள். ஆபீஸ் பிறகு நிரப்பிக்கொள்ளும். மாமாதானே என்று ஒரு தாளைக்கூட அவள் திரும்பப் பார்த்ததில்லை.

"மாமா... நீங்க சொல்லித்தானே போட்டேன்?"

மாமா கண்ணாடியைத் துடைத்தார். "சொந்தக்காரப் பொண்ணுன்னு நம்பிட்டேன் இன்ஸ்பெக்டர்."

அவள் பெரியக்காவின் பக்கம் திரும்பினாள். அக்கா அவள் தோளை அணைத்து, காதோடு காதாகச் சொன்னாள்.

"வேற யார் பேராவது போடுங்கன்னு அப்பவே சொன்னேன்டி. அவர் கேக்கல."

அப்பவேவா...

"அக்கா, செத்தது நம்ம தம்பி."

"அந்த சிக்னல்னு எனக்குத் தெரியாதுடி."

அவள் அக்காவின் கையை விலக்கிவிட்டு, இன்ஸ்பெக்டர் காட்டிய வாசலை நோக்கி நடந்தாள். வாசலில் ஜீப் நின்றது. தார் உருகி டயரில் ஒட்டியிருந்தது.

"பாத்து ஏறுங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "கதவு சுடும். ரெக்கார்டுலதான் சுடாது."