இறக்கத்தில் அணைத்த இன்ஜின்

பிரேக் கல்லாக இறுகியிருந்தது. மிதித்தாள்... பலங்கொண்ட மட்டும் மிதித்தாள். இன்ஜினை அணைத்துவிட்டு மருத்துவமனை மேட்டிலிருந்து உருண்டு வந்த அவளுடைய பழைய கார், சிக்னலில் நின்றிருந்த வெள்ளைக் காரின் முதுகில் முட்டி நின்றது.

மழை. இரவு டியூட்டி முடிந்து வரும் நர்ஸ் அவள். விடிய விடிய நின்ற கால்கள் இறங்கவே மறுத்தன.

வெள்ளைக் காரிலிருந்து ஒருவன் நனைந்தபடி ஓடிவந்தான். மழை சொட்டும் இமைகளுக்கு நடுவே... அவனுடையதும் தூங்காத கண்கள்தான்.

"அடி ஏதாவது பட்டுச்சாங்க?"

அவள் திடுக்கிட்டாள். அந்தக் குரல்! வீடு திரும்பும்போது கண் சொக்காமல் இருக்க, தினமும் போனில் அவள் ஓடவிடும் குரல்...

"பெட்ரோல் மிச்சம் பண்ற வீடியோல பேசறது... நீங்கதானே?"

"ஆமாங்க" என்றான், கொஞ்சம் பெருமையாக.

"இறக்கத்துல இன்ஜினை ஆஃப் பண்ணச் சொன்னீங்களே... பண்ணினேன். பாருங்க!"

அவன் முகம் வெளுத்தது. "நிஜமாவே பண்ணீங்களா?"

"பின்ன? தேனொழுகச் சொன்னா யார்தான் நம்பமாட்டாங்க?"

பின்னால் ஹாரன்கள் அலறின. வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு, இருவரும் பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கினார்கள்.

"எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. சேனல் அக்கா வீட்டுக்காரரோடது. மாமா எங்கேயோ படிச்சதை எழுதிக் கொடுப்பார், நான் வாசிப்பேன்."

"அப்ப, விடியக்காலையில போட்டா பெட்ரோல் அதிகமா கிடைக்கும்னு சொன்னது?"

"அதுவும் சும்மாதான்..."

"அடப்பாவி! லீவு நாள்லகூட அலாரம் வெச்சு எழுந்து பங்க்குக்குப் போனேனே!"

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது... அலுப்பையும் மீறி. பிறகு, தலை குனிந்து அவன் சொன்னான்.

"இன்ஜின் நின்னா பிரேக் இறுகிடும்னு ஒரு மெக்கானிக் கமெண்ட் போட்டிருந்தார். எடுத்துடலாம்னேன். நல்லா ஓடுற வீடியோ, கைவைக்காதேன்னுட்டார் மாமா."

அவள் சிரிப்பு அணைந்தது.

"தெரிஞ்சும் விட்டுட்டீங்களா? அதை நம்பி உருண்டு வர்றவங்க எங்க வார்டுக்குத்தான் வருவாங்க. ராத்திரி பூரா பக்கத்துல நிக்கிறது நான்."

"அவங்க வீட்லதான் இருக்கேன். எப்படி எதிர்த்து..."

"அதை எடுக்கறவரைக்கும் எங்கிட்ட பேசாதீங்க."

பேசாதே என்றால் விட்டானா? 'கழுத்து வலி இருக்கா?' 'பிரேக்கைக் காட்டினீங்களா?' என்று, காருக்கான செலவைப் பேச அன்று அவள் கொடுத்திருந்த நம்பருக்குச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. அவள் படித்தாள், பதில் போடவில்லை. வீடு திரும்பும் வழியில் அந்தக் குரலை ஓடவிடவும் மனம் வரவில்லை. காருக்குள் வெறும் மௌனம்... அது அவளை என்னவோ செய்தது. 'முட்டினது நான், கோபமும் எனக்கே!' என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஒருநாள் அவள் செருப்பைக் கழற்றும்போதே அப்பா கூப்பிட்டார். "அம்மாடி, நீ கேப்பியே அந்தத் தம்பி... என்னமோ மாத்திப் பேசறான் பாரு."

"இறக்கத்துல இன்ஜினை அணைக்காதீங்க" என்றது குரல். "நாங்க சொன்னது தப்பு. வண்டி கியர்லயே வரட்டும். அதை நம்பி ஒருத்தங்க மோதிட்டாங்க. நல்லவேளை, பிழைச்சாங்க... பழைய வீடியோவை எடுத்துட்டேன்."

அன்று பகல் முழுக்க அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை, மருத்துவமனை வாசல் பெஞ்சில் அவன் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தான்.

"வீட்டை விட்டு அனுப்பிட்டாங்களா?"

"மாமா கத்தினார். அக்கா அழுதா. நானே கிளம்பிட்டேன். ரேடியோல செய்தி வாசிக்க ஆள் எடுக்கறாங்களாம்... பாக்கணும்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தலை மெல்ல மெல்லச் சரிந்து அவன் தோளில் தங்கியது. அவன் அசையாமல் இருந்தான். தூங்கிவிட்டாள் என்று நினைத்துத்தான், மூச்சோடு மூச்சாகச் சொன்னான்.

"உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு... இந்த வார்த்தையை யாரும் எழுதிக் கொடுக்கல."

மூடிய இமைகளுக்குள்ளிருந்து ஒரு துளி வழிந்தது.

"எனக்கும்தான்..." என்றாள், கண் திறக்காமலே. "இன்னொரு தடவை சொல்லுங்க. அப்புறம் தூங்கறேன்."