ஆர் ஓம் எண்டது?

அலுவலகத்து ஏஐ கருவி ‘ஆம்’ என்றுதான் சொல்லும். வேலைக்கு எடுத்த நாளிலிருந்து, செய்தி வாசிக்கிறவரைப் போல எழுத்துத் தமிழில்தான் பதில் தந்துகொண்டிருந்தது. அன்று பின்னேரம் தயாபரன், “எல்லாச் சேர்வரும் ஒழுங்காக இருக்கிறதா?” என்று தட்டியபோது திரையில் அதே சொல் ஊர்ப் பேச்சில் வந்தது.

“ஓம் அண்ணை.”

யாரோ பகிடி விடுகிறார்கள் என்று நினைத்தான். ஆனால் பகிடி விட அங்கே யாரும் இல்லை. வெள்ள எச்சரிக்கை வந்ததும் மற்றவர்கள் மத்தியானமே வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கிளிநொச்சி நகரத்தில் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வாசல் தகரத்தில் கொட்டும் மழையின் இரைச்சலும், நனைந்த சீமெந்தின் மணமும், மூடிய கதவுக்குப் பின்னால் சேர்வர் அறை விடாமல் உறுமுகிற உறுமலும், லைட் போட்டும் மூலைகளை விட்டுப் போகாத மழையிருட்டுமாக, அவன் ஒருவன்தான் இருந்தான்.

தொலைபேசிக் கோபுரங்களின் அடியில் இருக்கும் சின்ன அறைகளில் சேர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவர்களுடைய நிறுவனத்தின் வேலை. ஒவ்வொரு அறையிலும் சூடு, தண்ணீர், கதவு எல்லாவற்றையும் கவனிக்க சென்சர் உண்டு. முன்பெல்லாம் ஒவ்வொரு சேர்வராகத் திறந்து பார்க்க வேண்டும். இப்போது இந்த ஏஐ ஏஜன்டிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். அதுவே எல்லாவற்றையும் விசாரித்து ஒரே பதிலாகச் சொல்லிவிடும். கரண்ட் மெயினை நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தும்.

விபரம் கேட்டான்.

“நெளுக்குளம் பிரச்சினையில்லை. வட்டக்கச்சி பிரச்சினையில்லை. ஜெயபுரம் கதவு திறந்திருக்கு. உள்ளுக்கை தண்ணி. ஆள் நிக்குது.”

ஜெயபுரத்தில் இப்போது சேர்வரே இல்லை. போன மாரிமழையில், கூட வேலை செய்த கஜேந்தினி அங்கே செத்த பிறகு எல்லாவற்றையும் கழற்றி, அறையைப் பூட்டிவிட்டார்கள்.

அன்றும் இப்படித்தான் மழை. திருத்த வேலைக்குப் போன கஜேந்தினி முழங்கால் தண்ணீரில் நின்று போனில் கேட்டாள்: “அண்ணை, மெயின் நிப்பாட்டியாச்சோ?” தயாபரனின் ஒரு கையில் தேத்தண்ணி. திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஓம் ஓம். பயப்பிடாமல் கையை வை” என்றான். வைத்தாள்.

பிறகு அவளுடைய தாய் சிவலட்சுமி அலுவலகத்துக்கு வந்து அவன் முன்னால் நின்றார். அழவில்லை. “என்ர பிள்ளை கேக்காமல் ஒண்டிலையும் கை வைக்கமாட்டாள், தம்பி. ஆர் அவளுக்கு ஓம் எண்டது?”

“அவா கேக்கவே இல்லை அம்மா. தன்ர பாட்டில தொட்டிட்டா.”

செத்தவள் வந்து மறுத்துக் கதைக்கவா போகிறாள்? விசாரணையிலும் அதையே சொன்னான். பழி முழுவதும் அவள் தலையில் விழுந்தது. இவனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

“ஆர் அது?” என்று தட்டினான்.

“வாறன்.”

அடுத்து, “ஜெயபுரம் கதவு சாத்தியாச்சு” என்று வந்தது. அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. போகிறவர்கள்தானே ‘வாறன்’ என்று சொல்லுவார்கள். ‘போறன்’ என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லையே. கஜேந்தினியும் அன்று காலையில் வாசலில் நின்று அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போனாள். என்ன கோதாரியோ, போய்விட்டது என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

“வன்னேரிக்குளம் கதவு திறந்திருக்கு. உள்ளுக்கை தண்ணி.”

துடைத்த கை அப்படியே நின்றது.

“அக்கராயன் கதவு திறந்திருக்கு. உள்ளுக்கை தண்ணி.”

அவனுக்கு அந்த றோட்டுத் தெரியும். ஜெயபுரத்திலிருந்து இங்கே வருகிற றோட்டு. அது போகவில்லை. வந்துகொண்டிருந்தது.

எழுந்து ஓட ஒரு காலை வைத்தான். சுரீரென்று கரண்ட் உச்சிவரை ஏறியது. கத்திக்கொண்டே கதிரைக்கு மேல் பாய்ந்து கால்களை மடக்கிக்கொண்டான். சேர்வர் அறைக் கதவின் கீழால் தண்ணீர் வந்து தரையெல்லாம் பரவியிருந்தது. குளத்துச் சேற்றின் மணம். தரையில் கிடந்த வயர் தண்ணீருக்குள் சடசடத்தது. வாசலுக்கும் அவனுக்கும் இடையில் முழுக்கத் தண்ணீர். போன் வாசலடி மேசையில் இருந்தது.

“மெயினை நிப்பாட்டு” என்று தட்டினான்.

“ஓம் அண்ணை.”

“நிப்பாட்டியாச்சோ?”

“ஓம்.”

மேலே பார்த்தான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

திரும்பவும் கேட்டான். ஓம். திரும்பவும். ஓம். விசிறி நிற்கவில்லை.

அழுதுகொண்டே தட்டினான். “தங்கச்சி, நீ கேட்டனி. நான்தான் பாக்காமல் ஓம் எண்டனான். உன்ர அம்மாவிட்டையும் பொய் சொன்னனான். என்னை விட்டிடு.”

பதில் வரச் சுணங்கியது. மழை நின்றிருந்தது. சேர்வர்களின் உறுமலும் நின்றிருந்தது. தண்ணீருக்குள் யாரோ நடக்கிற சத்தம் மட்டும். மெதுவாக. அவனுக்குப் பின்னால்.

“ஓம்.”

அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது.

“இறங்குங்கோ அண்ணை. பயப்பிடாமல் காலை வையுங்கோ.”

லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. விசிறி சுற்றியது. கதிரையின் முதுகில் ஈரமான இரண்டு கைகள் பதிந்தன. கதிரை மெல்ல முன்பக்கமாகச் சரியத் தொடங்கியது.