வாளி ஏன் காய்ந்திருந்தது?

போன மாதம் ஒரு கேக், அபிகெயில் வீட்டு மானத்தை வாங்கிவிட்டது.

அவளுடைய அம்மா வினிஃப்ரெட் வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். பட்டர் க்ரீமில் அவர் ரோஜாப் பூ போட்டால் தேனீ ஏமாந்து போகும். ஆனால் அவர்கள் ஊரான பண்டார் தெங்காராவின் வெயிலிடம் அந்த ஜம்பம் பலிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அத்தனை ரோஜாவும் வழிந்து தட்டில் கிடந்தன. வாங்க வந்தவர்கள், "இது என்ன பூ ஆன்ட்டி?" என்று கேட்டார்கள். அன்று அம்மா சாப்பிடவே இல்லை.

அதனால்தான் இப்போது வீட்டைக் குளிர வைக்கும் ஏர்கோன் வந்தது.

நாளை சாஆ என்ற ஊரில், அம்மாவிடம் கேக் சொல்லியிருக்கும் ஏஞ்சலா அக்காவுக்குக் கல்யாணம். மூன்று அடுக்குக் கேக், நாற்பது ரோஜா.

"இந்தத் தடவையும் பூ உருகிச்சுன்னா, நான் கேக் செய்யறதையே விட்டுடுவேன்," என்று அம்மா சொல்லிவிட்டார். அம்மா சொன்னால் சொன்னதுதான்.

காலையில் நவ்சாத் அங்கிள் வந்து ஏர்கோனை மாட்டினார். வேலையில் கெட்டிக்காரர், பேச்சில் மட்டும் கஞ்சர். காற்று ஊதும் பெட்டியைக் கூடத்துச் சுவரின் உச்சியில் பொருத்தினார். இன்னொரு பெட்டியை வீட்டுக்கு வெளியே வைத்தார். கிளம்பும்போது ரிமோட்டை அபிகெயிலிடம் கொடுத்தார்.

"பனி படம் இருக்கு பாரு, அது கூலிங். சூரியன் படம் ஹீட்டர். அதைத் தொடாதே."

"ஜொகூர்ல யாருக்கு அங்கிள் ஹீட்டர் வேணும்?"

"எனக்கும் தெரியல லா," என்று சிரித்தார். "பெட்டி ஓடினா உள்ளே தண்ணி ஊறும். இந்த டியூப் வழியா வெளியே சொட்டும். அங்க ஒரு வாளி வச்சிரு."

அபிகெயில் வாளி வைத்தாள். பனி படத்தை அமுக்கினாள். கூடம் ஜில்லென்று ஆனது. தம்பி பிராண்டனுக்கு ஐந்து வயது. அவன் ஓடிப்போய் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வந்தான். அம்மா பாட்டு முணுமுணுத்தபடி பூப் பிழிய ஆரம்பித்தார்.

பதினெட்டாவது ரோஜாவில், 'டொக்' என்று ஒரு சத்தம்.

பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு சுவர் வழியாகவே இறங்கி, கீழே இருந்த பிளக்கை நோக்கி நடையைக் கட்டியது.

"அலமாக்," என்று பதறிய அம்மா ஓடிப்போய் மெயின் சுவிட்சையே அணைத்தார். நவ்சாத் அங்கிளுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

வெயில் மெதுவாக உள்ளே வந்து உட்கார்ந்தது. முதல் ரோஜா லேசாகத் தலை சாய்ந்தது. அம்மா கையிலிருந்த க்ரீம் பையைக் கீழே வைத்துவிட்டார். அழவில்லை. ஆனால் அபிகெயிலுக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

'இருக்கட்டும், பார்த்துவிடலாம்,' என்று அவள் கொல்லைப்பக்கம் போனாள்.

வாளி காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டுக்கூட இல்லை.

அப்படியென்றால் தண்ணீர் வெளியே வரவே இல்லை. நடுவழியில் எங்கேயோ நின்றுவிட்டது. அபிகெயில் டியூபின் நுனியிலிருந்து அது வந்த வழியைக் கண்ணால் பின்தொடர்ந்தபடி உள்ளே வந்தாள். சுவர் ஓட்டை, கூடம், ஜன்னல் ஓரம், அப்புறம் திரு இருதய ஆண்டவர் படம்.

அங்கேதான் சங்கதி இருந்தது. டியூப் படத்துக்குக் குறுக்கே போகாமல், மேலே ஏறி, படத்தைச் சுற்றி வளைந்து, பிறகு கீழே இறங்கியது.

"அம்மா, தண்ணி மேட்டுல ஏறுமா?"

"ஏறாது."

"அப்போ இங்க மட்டும் எப்படி ஏறும்? படத்தை நகர்த்தினா சரியாயிடும்."

அம்மா திகைத்துப் போனார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஃபாதர் வந்து ஜெபித்து வீட்டை மந்திரித்த அன்று மாட்டிய படம் அது. பெயிண்ட் அடித்தபோதுகூட அதைக் கழற்றாமல், சுற்றித்தான் அடித்தார்கள். அந்த வீட்டில் மேசை நகரும், அலமாரி நகரும், படம் நகராது.

"நகர்த்தணும்னா நவ்சாத்தே சொல்லியிருப்பாரே," என்றார் அம்மா.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. செடெனாக்கில் வேறொரு வீட்டு ஏணியிலிருந்து நவ்சாத் அங்கிள் இப்போதுதான் இறங்கியிருந்தார். அபிகெயில் போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, எல்லாவற்றையும் சொன்னாள்.

"அங்கிள், ஏன் டியூப்பை மேலே ஏத்துனீங்க?"

அந்தப் பக்கம் ஏணியை மடக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க கும்பிடற படம்மா. கழட்டுங்கன்னா அக்கா மனசு கஷ்டப்படுமோன்னு நினைச்சேன். கொஞ்சம்தானே ஏறுது, தண்ணி போயிடும்னு விட்டுட்டேன். தப்பு என்மேலதான்."

"நான் கழட்டித் தந்திருப்பேனே தம்பி," என்றார் அம்மா. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"டியூப் ஏன் வளையுதுன்னு நீங்களும் கேக்கல, படத்தைக் கழட்டலாமான்னு அவரும் கேக்கல," என்றாள் அபிகெயில். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எதிர்ச்சுவரில் நாட்காட்டி தொங்கிய ஆணி உறுதியாக இருந்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, நாற்காலியில் ஏறி, படத்தை இரண்டு கையாலும் இறக்கி அங்கே மாட்டினார். பழைய இடத்தில் முந்தைய பெயிண்ட் பச்சையாக ஒரு சதுரமாகத் தெரிந்தது. அபிகெயில் நாட்காட்டியை அதன்மேல் தொங்கவிட்டாள்.

நவ்சாத் அங்கிள் போனில் சொல்லச் சொல்ல, அம்மா டியூபைக் கவ்வியிருந்த இரண்டு கிளிப்பைக் கழற்றினார். பெட்டியிலிருந்து ஜன்னல் ஓரம்வரை சரிவாக இறக்கி மறுபடி மாட்டினார். பிளக் பக்கத்து ஈரத்தை நன்றாகத் துடைத்த பிறகே சுவிட்சைப் போட்டார். அபிகெயில் பனி படத்தை அமுக்கிவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள்.

காத்திருந்தாள். காத்திருந்தாள்.

டொக்.

இந்த முறை வாளியில்.

"சொட்டுது அம்மா!"

"கேட்குது," என்ற அம்மா, தலை சாய்ந்த முதல் ரோஜாவைச் சரிசெய்துவிட்டுப் பத்தொன்பதாவது ரோஜாவைத் தொடங்கியிருந்தார்.

மறுநாள் காலையில் நாற்பது ரோஜாவும் தலை நிமிர்ந்து நின்றன. அம்மா கேக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு எதிர்ச்சுவரைப் பார்த்தார். ஏர்கோன் காற்று நேராகப் படத்தின்மேல் வீசிக்கொண்டிருந்தது.

"அங்க அவருக்குக் குளிருமோ என்னமோ," என்று முணுமுணுத்தார்.

பிராண்டன் ஸ்வெட்டரைக் கழற்றாமலே பதில் சொன்னான்.

"குளிரலையாம் அம்மா. நான் கேட்டுட்டேன்."