கேமராவைப் பார்க்காத ஒருவர்

"என்னை எங்கங்க வெச்சீங்க?"

தொப்பலாக நனைந்து ஸ்டூடியோவுக்குள் வந்தவன் கேட்ட முதல் கேள்வியே இதுதான். ஒரு வணக்கம் கிடையாது, முன்னுரை கிடையாது. பிளாஸ்டிக் உறையைப் பிரித்து ஒரு பெரிய படத்தை மேசைமேல் வைத்தான். படத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நனைந்ததெல்லாம் ஆள்தான்.

அவள் கணினியிலிருந்து நிமிர்ந்தாள். மூக்குக்கண்ணாடி முழுக்க மழைத்துளி. அதற்குப் பின்னால் இரண்டு கண்கள்... சண்டை போடவென்று கிளம்பி வந்துவிட்டு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழிக்கிற கண்கள்.

"புரியலையே சார்."

"தண்ணீர் ஆய்வகம். போன மாசம் நீங்கதான் வந்து எடுத்தீங்க. முப்பத்திரண்டு பேர் நின்னோம். எண்ணிப் பாருங்க."

எண்ணினாள். முப்பத்தொன்று. விரல் வைத்து மறுபடி எண்ணினாள்... அப்போதும் முப்பத்தொன்றுதான்.

"முப்பத்திரண்டாவது ஆள் நான். வலது ஓரத்துல நின்னேன். இப்ப அங்க ஒரு பூந்தொட்டி இருக்கு பாருங்க. எங்க ஆபீஸ்ல பூந்தொட்டியே கிடையாது மேடம்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். நடந்தது என்னவென்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

கூட்டப் படம் என்றால் எட்டு முறை எடுப்பாள். முப்பது பேரில் யாராவது ஒருவர் கண்ணை மூடித்தானே தீருவார்? எட்டையும் ஏஐயிடம் கொடுத்தால் அது ஒவ்வொருவருக்கும் நன்றாக விழுந்த முகமாகப் பொறுக்கி ஒரே படமாக்கித் தரும். கடைசியில் ஒரு பட்டன்... 'தேவையில்லாதவர்களை நீக்கு'. பின்னால் போகிறவர், வருகிறவரை எல்லாம் துடைத்துவிட்டு, காலியான இடத்தில் எதையாவது வரைந்து வைக்கும். முதலாளி அவளுக்கு வைத்த பேரே 'ரப்பர்'. அன்றைக்கு ரப்பர் படத்தின் ஓரத்தைப் பார்க்காமலே அந்தப் பட்டனை அமுக்கியிருந்தாள்.

மன்னிச்சுக்கோங்க என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நாக்கு புரளவில்லை.

"அது ஏஐ பண்ணது சார். தள்ளி நிக்கறவங்க, கேமராவைப் பாக்காதவங்க... இவங்களை வழில போற ஆளுன்னு எடுத்துக்கும். நீங்க கேமராவைப் பாத்திருந்தா இந்த வம்பே இல்ல."

"தள்ளி நிக்கச் சொன்னதே நீங்கதான். கண்ணாடியில வெளிச்சம் அடிக்குது, ரெண்டடி தள்ளுங்கன்னீங்க."

"மாசத்துக்கு ஆயிரம் பேரை எடுக்கறேன். எல்லாரையும் ஞாபகம் வெச்சுக்க முடியுமா?"

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று அவளுக்கே உறைத்தது. அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். நனைந்த சட்டையில் துடைத்தால் என்ன ஆகும்... இன்னும் கொஞ்சம் நனைந்தது.

"அதுவும் சரிதான். பத்து நாளா இதோட இன்னொரு காப்பி எங்க வரவேற்பறையில தொங்குது. பாட்டிலை எங்க காணோம்னு ஒருத்தரும் கேக்கல. என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

கோபத்தோடு சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் கோபமே இல்லாமல் சொன்னான்.

பாட்டில் என்றால் அவன் வேலை அது. ஆறு, ஏரி, கிணறு, தெருக்குழாய் என்று ஸ்கூட்டரில் சுற்றி, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்து, சீட்டு ஒட்டி, சாயங்காலம் ஆய்வகத்தின் பக்கவாட்டு ஜன்னலில் கொடுத்துவிட்டுப் போவான். ஜன்னலுக்கு உள்ளே அவனுக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது. மழை பெய்தால் சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கக் கூடாது, மழைநீர் கலந்து அளவுகள் மாறிவிடும். மழை நாள்தான் அவனுக்கு விடுமுறை.

"அக்காவுக்கு அனுப்பலாம்னு பாத்தேன்," என்றான். "தினமும் போன் பண்ணுவா. தனியாதான் சாப்பிடறியாடா, பேச்சுத்துணைக்கு யாராவது இருக்காங்களாடான்னு. இத்தனை பேரோட நிக்கறேன் பாருன்னு ஒரு படம் அனுப்பினா நிம்மதியாத் தூங்குவா. சனிக்கிழமை எனக்கு வேற ஊருக்கு மாற்றல். அதுக்கப்புறம் இத்தனை பேருக்கு எங்க போறது?"

"அசல் படம் எங்கிட்ட இருக்கு சார். உங்களை மறுபடி சேர்த்துடலாம்."

"வேணாம் விடுங்க. சேர்த்தா, வராத ஆளைக் கொண்டுவந்து ஒட்டின மாதிரி ஆயிடும்."

அவ்வளவுதான். மழைக்குள்ளேயே இறங்கிப் போய்விட்டான். படமும் அந்தப் பூந்தொட்டியும் மேசையிலேயே கிடந்தன.

வராத ஆளைக் கொண்டுவந்து ஒட்டின மாதிரி... அவனுக்குத் தெரியாது. தெரிந்து சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்றது.

ஒவ்வொரு வருஷமும் அண்ணன் குடும்பப் படம் அனுப்புவான். 'நீ வரலைன்னா என்ன, உன்னையும் சேர்த்துடு. அந்தப் பச்சைப் புடவைல நல்லா இருப்பே' என்று ஒரு குறுஞ்செய்தி. அவளும் சேர்ப்பாள். அண்ணி தோளில் தன் கையை வைப்பாள், வெளிச்சம் சரிபார்ப்பாள், நிழல் போடுவாள். நாலு வருஷமாக அந்த வீட்டுச் சுவரில் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். போன முறை போனில் அண்ணன் பெண் கேட்டாள், "அத்தை, நீ எப்ப வந்தே? நான் பாக்கவே இல்லையே." ஸ்டூடியோ, வாடகை அறை, மறுபடி ஸ்டூடியோ. நாள் முழுக்க அடுத்தவர் முகம். அறைக்குத் திரும்பினால் வாய் திறந்து பேச ஆளில்லை. அழவேண்டும் போல இருந்தது. அழவில்லை, கணினியைத் திறந்தாள்.

எட்டுப் படங்கள். வலது ஓரத்தைப் பெரிதாக்கினாள்.

முதல் படத்தில் அவன் கேமராவைப் பார்க்கவில்லை. இடது பக்கமாக எங்கேயோ பார்வை. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதிலும். ஒருவேளை மாறுகண்ணோ? சேச்சே... இப்போதுதானே எதிரில் நின்று நேராகப் பார்த்துவிட்டுப் போனான்.

நான்காவதில் முப்பத்தொரு பேரும் விறைப்பாக நிற்க, அவன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் விளக்கு வயரில் கால் தடுக்கி, விழப் பார்த்துச் சமாளித்து, கேமரா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே அசடு வழியச் சிரித்தது அப்போதுதான். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், கையில் ரிமோட்டோடு...

இடது பக்கம்.

அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். மிச்ச நாலையும் அவசரமாகத் தள்ளிப் பார்த்தாள். எட்டிலும், எட்டிலுமே, அவன் பார்த்துக்கொண்டிருந்தது அவளை.

அந்தப் பார்வைக்குத்தான் அவனை அழித்திருக்கிறாள்.

அவனைப் பழைய இடத்தில் வைத்தாள். பூந்தொட்டி ஒழிந்தது. உடனே திரையில் ஒரு கேள்வி எட்டிப் பார்த்தது. 'ஒருவர் கேமராவைப் பார்க்கவில்லை. பார்வையைச் சரிசெய்யவா?' ஆம். இல்லை.

ஆம் என்றால் படம் கச்சிதமாகிவிடும். அவன் அக்காவுக்கும் குறையிருக்காது. ஆனால் அந்தக் கண்கள் போய்விடும். எத்தனை வருஷமாகக் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள்... கேமராவைப் பார்த்தவர்கள்தான் எல்லாரும். பக்கத்தில் ஒருத்தி நிற்கிறாளே என்று பார்த்தவன் இவன் ஒருவன்தான்.

இல்லை என்பதை அமுக்கினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆய்வகத்தில் விசாரித்துக்கொண்டு, பக்கவாட்டு ஜன்னலருகே போய் நின்றாள். வானம் பளிச்சென்று இருந்தது. நாலரைக்கு ஸ்கூட்டர் வந்தது. பாட்டில் பெட்டியை இறக்கியவன், அவளைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றான்.

"மழை வரலையே, கடைக்கு எப்படி வர்றதுன்னு யோசிச்சிட்டே இருந்தேன்," என்றான்.

"வேணாம்னு சொல்லிட்டுத்தானே போனீங்க?"

"சொன்னேன்... அதுக்காக வராம இருந்துடணுமா என்ன?"

அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும்.

"அன்னிக்குப் பொய் சொன்னேன். ஏஐ பண்ணல, நான் பண்ணேன். ஓரத்தைப் பாக்காம அமுக்கிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

படத்தை நீட்டினாள். அதற்குள் பாட்டில்களை வாங்க ஜன்னலுக்கு வந்த ஆய்வகத்து அம்மா எட்டிப் பார்த்தார். "அட, நம்ம பாட்டில். ஆனா இது எங்க பாக்குது? எல்லாரும் நேரா பாக்கறாங்க, இது மட்டும் பராக்குப் பாக்குதே. இதைச் சரி பண்ண வராதாம்மா உங்க ஏஐக்கு?"

"வரும்க்கா. நான்தான் வேணாம்னுட்டேன்."

அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு, கையெழுத்துகூடக் கேட்காமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அவன் காது மடல் சிவந்திருந்தது.

"எட்டுப் படத்துலயும் அப்படித்தான் இருக்கு," என்றாள் மெதுவாக.

"எட்டுலயுமா?"

"எண்ணிப் பாத்தேன். இந்தத் தடவை சரியா எண்ணினேன்."

அவன் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எல்லாரும் இங்க பாருங்கன்னீங்க. முப்பத்திரண்டு பேர் ஒரு பக்கம், நீங்க ஒருத்தர் எதிர்ப்பக்கம். தடுக்கி விழப்போனப்பகூட ஒருத்தரும் பாக்கல. தனியாச் சிரிச்சுக்கிட்டீங்க... நானும் அப்படித்தான் தனியாச் சிரிச்சுப்பேன். அதுக்கப்புறம் கண்ணை எடுக்க முடியல. அன்னிக்கு மழையில நான் போட்டோவுக்காக மட்டும் வரல. உங்களைப் பிடிச்சிருக்கு. நாளைக்கு ஊருக்குப் போறவன் இதைச் சொல்லலாமான்னுதான்..."

"சொல்லிட்டீங்களே."

"சொல்லிட்டேன்."

அவளுக்குக் கண் கலங்கிப் படத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மங்கலானார்கள். நாளைக்கு இந்நேரம் அவன் பேருந்தில் இருப்பான். இவள் அந்த அறையில் இருப்பாள். அதில் மாற்றமில்லை. ஆனாலும்...

"அக்காவுக்கு அனுப்பினா, எங்கடா பாக்கறேன்னு கேப்பா," என்றான் அவன். "என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். ஒரு ஞாயித்துக்கிழமை என்னை அக்காகிட்ட கூட்டிட்டுப் போங்க. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. நானே வந்து உங்க பக்கத்துல நிக்கறேன்... என்னை யாரும் ஒட்ட வேணாம்."