ரத்தினபாய் போட்ட தையல்

எண்பத்தாறு வயது ரோஸி டீச்சர் முடிச்சூரிலிருந்து தனியாக ஆட்டோவில் வந்து இறங்கியதுமே, விஷயம் லேசுப்பட்டதல்ல என்று ஜஹீராவுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குக் கை பரபரத்தது. அவள் கணவர் அத்தாவுல்லா ஓய்வுபெற்ற சார்பதிவாளர். பழைய பத்திரங்களின் குட்டை உடைப்பதில் சேலையூரில் அவருக்குத் தனிப் பெயர்.

"எங்கம்மா ரத்தினபாய் கல்யாணம் ஆனவங்களா, இல்லையா? சாகறதுக்குள்ள தெரியணும் சார்," என்றார் டீச்சர்.

ஸ்காட்லாந்துக்கு நர்ஸ் படிக்கப் போன ரத்தினபாய் வயிற்றில் பிள்ளையோடு திரும்பியவர். டீச்சரின் ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயர் இல்லை. அதனாலேயே நிச்சயித்த கல்யாணம் நின்றுபோய், டீச்சர் இன்றுவரை தனியாகவே இருந்துவிட்டார்.

போன வாரம் அம்மாவின் பைபிளுக்குத் தைத்திருந்த துணி உறை கிழிந்து, உள்ளேயிருந்து ஒரு சீட்டும் ஒரு போட்டோவும் விழுந்தனவாம். 'இன்றுமுதல் நாங்கள் கணவன் மனைவி' என்று எடின்பரோவில் 1939 மே மாதம் ஆண்ட்ரூவும் ரத்தினபாயும் எழுதிய சீட்டு. கீழே இரண்டு சாட்சிகள். போட்டோவில் இரண்டு குழந்தைகளோடு ஒரு வெள்ளைக்காரி. பின்புறம், 'ஆண்ட்ரூவின் தோழிக்கு, அவர் மனைவி இசபெல், 1951.'

"பாதிரியார் பேரும் இல்ல, சர்ச் முத்திரையும் இல்ல. சீட்டு போலிங்க!" என்றாள் ஜஹீரா.

டீச்சர் கொண்டுவந்திருந்த உறையில் பிரியாமல் மிச்சமிருந்த தையலை அத்தாவுல்லா விரலால் தடவிக்கொண்டிருந்தார். "நம்ம நிக்காஹ்ல ஓதி வைக்கற ஹஜ்ரத் லேட்டாத்தானே வந்தார். அவர் வராட்டி வேற யாராவது ஓதியிருப்பாங்க. சாட்சி வரலைன்னா?"

"சாட்சி இல்லாம எப்படி நிக்காஹ் ஆகும்?"

"ஸ்காட்லாந்துலயும் 1940 வரைக்கும் பாதிரியார் இல்லாமலே கல்யாணம் செல்லும். ரெண்டு பேரும் மனசார ஒத்துக்கிட்டா போதும். ஒரு வாரிசு வழக்குல படிச்சேன். டீச்சர், உங்கம்மா முறையான மனைவி."

"அப்ப இதை ஒளிச்சு வச்சது யாரு?" ஜஹீரா பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"தையலைப் பாரு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி முடிச்சு. ஆபரேஷன்ல என் வயித்துல போட்ட மாதிரியே இல்ல? டீச்சர், அம்மா எந்த வார்டுல நர்ஸா இருந்தாங்க?"

"ஆபரேஷன் தியேட்டர்," என்றார் டீச்சர் மெதுவாக.

"அப்ப அவங்களேதான் தச்சு ஒளிச்சாங்களா?" என்றாள் ஜஹீரா.

"போட்டோவும் உள்ளே இருந்ததால, 1951க்குப் பிறகுதான் தச்சிருக்காங்க. ஆண்ட்ரூ முதல் கல்யாணத்தை மறைச்சிருக்கார். இந்தச் சீட்டு வெளியே வந்தா இசபெல் மனைவியே இல்லைன்னு ஆயிடும். அந்தக் குழந்தைங்களை ஊர் சும்மா விடுமா? உங்கம்மா அதை நினைச்சிருக்காங்க."

எவ்வளவு பெரிய மனசு என்று சொல்ல வாயெடுத்த ஜஹீரா, டீச்சரின் முகத்தைப் பார்த்து அப்படியே நிறுத்திக்கொண்டாள். அந்த முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு," என்றார் டீச்சர். "ஸ்கூல்ல அப்பா பேர் கேட்டாங்க. அம்மா பக்கத்துலதான் நின்னாங்க, வாயே திறக்கல. நானும் அவங்க பிள்ளைதானே சார்?"