ஊசிப்புல்

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் கட்டுகிற பட்டுச்சேலையை மடித்துவைக்கும்போதுதான், அதன் கரையில் ஒரு ஊசிப்புல் விதை குத்தி நிற்பதை விமலாராணி கவனித்தாள். ஊசிமாதிரிக் கூர்முனை, பின்னால் முறுக்கிய நூல்போல நீண்ட வால். ஈரம் பட்டால் வால் தானாகச் சுழலும், கூர்முனை உள்ளே இறங்கும். மேயப்போகிற ஆட்டின் தோலையே துளைத்துவிடும்.

தாவரக் கணக்கெடுப்பில் இருபது வருஷம் அலைந்தவள். ஆனால் இந்தச் சேலை ஒருநாளும் காட்டுக்குப் போனதில்லை. அவளே காட்டுப் பக்கம் போய் ஆறு மாதமாகிறது.

பிடுங்கிக் குப்பையில் போட்டாள். வெளியே சரவணம்பட்டி முழுக்க ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. ஹாலில் கணவர் தேவானந்தம் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் குறட்டை விட்டார். ஜன்னல்கள் சாத்தித்தான் இருந்தன. ஆனாலும் நாலாவது மாடியின் அந்தப் படுக்கையறைக்குள், காய்ந்த புல்லில் முதல் மழை விழுந்ததும் எழும்புகிற சூடான வாசம், மாட்டு மூச்சின் வெதுவெதுப்போடு மெல்ல மெல்ல நிறைந்தது.

தலையணை உறையில் இன்னொன்று. துண்டில் நாலு.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் நாற்பது ஏக்கர் கொறங்காடு. கிளுவை வேலி போட்டு, மாடு மேய்வதற்கென்றே காலங்காலமாக விட்டுவைத்த நிலம். சோலார் கம்பெனிக்காக அங்கே புல்பூண்டைக் கணக்கெடுக்கப் போனவள் அவள்தான். கோடையில் எந்தப் புல்வெளியும் செத்ததுமாதிரிதான் கிடக்கும், ஒரு மழைக்கு எழுந்துவிடும். அது தெரிந்தேதான் சித்திரையில் போனாள். குத்துக்கோலால் மண்ணைக் கிளறியபோது வேர்கள் வெள்ளையாக, உயிரோடு இருந்தன. பிடி மண்ணில் பிடி விதை. மூடிவிட்டு, "தரிசு. மேய்ச்சலுக்கு உதவாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வாரம் களைக்கொல்லி அடித்தார்கள். அங்கே மாடு மேய்க்கிற பாப்பாயி அது தெரியாமல் ஓட்டிவிட்ட மூன்று மாடுகள் வேலியோரம் நுரை தள்ளிச் செத்தன.

பாப்பாயியின் நம்பர் போனில் இருந்தது. ஏன் கூப்பிட்டோம் என்று விமலாராணிக்கே தெரியவில்லை.

"ஏனுங்க அம்மணி, நல்லாருக்கீங்களா?" பாப்பாயியின் குரலில் கோபமே இல்லை.

"அங்க... மழைக்குப் புல்லு ஏதாச்சும் மொளச்சுதுங்களா?"

"இல்லீங்க. கை நெறையா மண்ணள்ளிச் சலிச்சுப் பாத்துப்போட்டேன். ஒத்த வெதை இல்லீங்க. மருந்தடிச்சாலும் உள்ளுக்க கெடக்கறது எங்கீங்க போகும்? ஆறு மாசமா தேடிட்டிருக்கறேன்." பாப்பாயி குரலைத் தாழ்த்தினாள். "இல்லீன்னு நீங்க எழுதிப்போட்டீங்க. புல்லுக்கு அது கேட்டிருச்சாட்டிருக்குதுங்க. உங்க ஊட்டுல ஏதாச்சும் வந்திருக்குதுங்களா, கண்ணு?"

போன் கையிலிருந்து நழுவியது. உள்ளங்கை வியர்த்திருந்தது.

வியர்வை. ஈரம்.

முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, ஏதோ ஒன்று மெதுவாகத் திரும்பியது. அரைச்சுற்று. நின்றது. மறுபடி அரைச்சுற்று.

ரவிக்கைக்குள் கையை விட்டுத் தடவினாள். விரலில் வால்கள் தட்டுப்பட்டன. பத்து. இருபது. இழுத்தால் வால்தான் கையோடு வந்தது. முனை உள்ளேயே தங்கிவிட்டது. ஈரம் கூடாது, பயப்படக் கூடாது, வியர்க்கக் கூடாது. நினைக்க நினைக்க வியர்த்தது. அவை திரும்பின. கத்தினாள்.

தேவானந்தம் தூக்கக் கண்ணோடு ஓடி வந்து ரவிக்கையைக் கழற்றிப் பார்த்தார். "என்னாச்சு விமலா? ஐயோ, முதுகெல்லாம் இப்படித் தடிச்சிருக்குது! அலர்ஜியாட்டிருக்குது. தண்ணி பட்டா அடங்கிரும், வா."

"வேண்டாங்க. தண்ணி மட்டும் வேண்டாங்க."

"ஒண்ணும் ஆகாது, வா."

அவளைத் தோளோடு அணைத்துக் குளியலறைக்குள் கூட்டிப்போனார். அவள் சுவரைப் பிடித்தாள். கதவைப் பிடித்தாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாக, அன்பாக, விடுவித்தார்.

ஷவரைத் திறந்தார்.

எல்லாம் ஒரே சமயத்தில் சுழன்றன. சத்தம் கேட்டது. காய்ந்த புல்லுக்குள் பெரிய மந்தை இறங்கி நடக்கிற சத்தம். தேவானந்தம் அவளை விட்டுவிட்டுப் பின்வாங்கினார். சோப்புப் பெட்டி கீழே விழுந்து உருண்டது.

கண்ணாடியில் அவள் தன் முதுகைப் பார்த்தாள். கழுத்திலிருந்து இடுப்புவரை தோல் இருந்த இடம் தெரியவில்லை. முழ உயரத்துக்குப் பச்சைப் புல். கதவும் ஜன்னலும் சாத்தியிருந்த அந்த அறையில், அது அலையலையாகச் சாய்ந்து நிமிர்ந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும், கண்ணுக்குத் தெரியாத மாடுகள் மேய்ந்துகொண்டே வருவதுபோல, புல் அடிக்கட்டைவரை குறைந்தபடி இருந்தது.