ஐந்தாவது கருவி

வீட்டு வைஃபையில் சேர்ந்திருக்கும் கருவிகளின் பட்டியலில், நான்கு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தன. அவளுடைய போன், மடிக்கணினி, டிவி, பிரிண்டர். கணவரின் போன் அவரோடு ஆபீஸில். அப்படியானால் ஐந்தாவது யாருடையது?

பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருப்பவள், அன்று விடுப்பு. இணையம் ஆமை வேகத்தில் போகவே கம்பெனிக்குப் போன் செய்தாள். அங்கே பேசிய பெண்தான் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தாள். ஐந்தாவதற்குப் பெயரில்லை. பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாக மேக் அட்ரஸ் மட்டும். அது கருவி செய்யும்போதே போடுவது, ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

அவளுக்குத் திருடன் நினைவு வரவில்லை. கணவரின் முதல் மனைவியின் நினைவுதான் வந்தது. காரோடு ஏரியில் விழுந்து செத்து நான்கு வருடமாகியும் வீட்டைக் காலி செய்யாதவள். "அவ இருந்தப்ப இந்த வீட்டோட களையே வேற" என்று நாத்தனார் வரும்போதெல்லாம் சொல்லுவாள். இவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினாள். கணவர் தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருந்த பெட்டிகளுக்கு நடுவே முதல் மனைவியின் போன் வந்த அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டில் மேக் அட்ரஸ் இருந்தது. விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தாள். பன்னிரண்டும் ஒன்றுதான்.

கணவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, அவங்க போன் எங்க இருக்கு?"

"இப்ப எதுக்கு அது?"

"சும்மாதான் கேக்கறேன்."

"அது அவளோடயே போயிடுச்சு. காரை மட்டும்தான் வெளிய எடுத்தாங்க."

சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பொய் என்று நினைத்தாள். எங்கேயோ ஒளித்து வைத்து, சார்ஜ் போட்டு, படங்களைப் பார்த்து உருகுகிறார். பட்டியலில் அந்த ஐந்தாவதற்குப் பக்கத்தில் சிக்னல் கோடுகள் முழுதாக நின்றன. ரவுட்டர் இருக்கும் படுக்கையறையிலேயேதான் அது இருக்க வேண்டும். மெத்தையைப் புரட்டினாள், அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக உதறினாள், இழுப்பறைகளைக் கவிழ்த்தாள். வெயில் சாயும் நேரத்து மஞ்சள் வெளிச்சம் விழுந்திருந்த அறையில், பல நாள் தேங்கிய தண்ணீரின் பாசி வாடை மூக்கைத் தொட்டது. கட்டிலுக்கு அடியில் கை வைத்தாள். தரை ஈரமாக இருந்தது.

போன் இல்லை.

"செத்தும் விடமாட்டியாடி?" என்று பல்லிடுக்கில் சொன்னாள். பட்டியலில் அந்த ஐந்தாவதைத் தொட்டு, தடை செய் என்பதை அழுத்தினாள். அது மறைந்தது. கல்யாணமாகி வந்த ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக வீடு தன்னுடையது என்று தோன்றியது.

உடனே பட்டியலில் புதிதாக ஒன்று சேர்ந்தது. கணவரின் போன்.

சீக்கிரம் வந்துவிட்டாரே என்று முடியை ஒதுக்கியபடி கூடத்துக்கு ஓடினாள். கதவில் யாரும் தட்டவில்லை. தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டபடியே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கார் இல்லை.

அவள் இப்போதுதான் விட்டு வந்த படுக்கையறையில் பேச்சுக் குரல்.

அவருடைய குரல். இவளிடம் ஒரு நாளும் காட்டாத குழைவு.

"அழாதடா கண்ணம்மா. வந்துட்டேன்ல. இனிமே எங்கயும் போகமாட்டேன்."

கால்கள் போகாதே என்றன. போனாள். அந்தக் கண்ணம்மாவைப் பார்த்தே ஆக வேண்டும்.

கதவு ஒரு சாண் திறந்திருந்தது. கட்டில் ஓரத்தில் அவர், முதுகு காட்டி. காலையில் இவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை, அதே பாசி வாடையோடு சொட்டச் சொட்ட நனைந்து. மடியில் ஒரு தலை. நீண்ட முடி தரைவரை. அதில் சிக்கியிருந்த பாசியை ஒவ்வொன்றாக, நோகாமல், எடுத்துக்கொண்டிருந்தார்.

மடியிலிருந்த முகம் மெல்லக் கதவுப் பக்கம் திரும்பியது. ஊறி உப்பிய முகம். அது இவளைப் பார்த்துச் சிரித்தது.

அவர் திரும்பவே இல்லை.